இரண்டு பல் போட்டால் ஏறலாமா?

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை வாங்க வருகிறவர்கள் முதலில் சுழி பார்ப்பார்கள், அடுத்து வாயைப் பிரித்துப் பல் பார்ப்பார்கள். சுழி அவரவர் நம்பிக்கை, அதில் தலையிட எனக்கு விருப்பமில்லை. பல் பார்த்த கையோடு வரும் பேச்சுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. "ரெண்டு பல்லு போட்டிருச்சுங்கண்ணா, இனி தாராளமா ஏறலாமுங்க." விற்பவர் சொல்வார், வாங்குபவர் தலையாட்டுவார். அடுத்த மாதமே அந்தக் குட்டியின் முதுகில் சேணமும் எழுபது கிலோ ஆளும் இருப்பார்கள். அது மார்வாரியோ கத்தியவாரியோ நுக்ராவோ, எந்த வகைக் குதிரையானாலும் கணக்கு மட்டும் ஒன்றுதான். நாலு பல் போடுவதற்குள் முன்னங்காலில் நொண்டல் தெரியும், முதுகில் கை வைத்தாலே சிலிர்க்கும், சேணத்தைக் கண்டாலே காதைப் பின்னுக்கு மடக்கும். அப்போது "இது முரட்டுக் குதிரை" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

பல் சொல்லும் வயதை முதலில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். குதிரைக்கு மேலே ஆறு, கீழே ஆறு வெட்டுப்பற்கள். நடுவிலுள்ள பால்பல் ஜோடி ஏறக்குறைய இரண்டரை வயதில் விழுந்து நிலைப்பல் முளைக்கிறது, இதுதான் சந்தைப் பேச்சில் "ரெண்டு பல்லு". அதற்கடுத்த ஜோடி மூன்றரையில், அது "நாலு பல்". கடைசி ஜோடி நாலரையில். முளைத்த பல் வளர்ந்து எதிர்ப்பல்லோடு உராயும் நிலைக்கு வர இன்னும் ஆறு மாதம் ஆகும். ஐந்து வயதில்தான் வாய் நிறைகிறது. பால்பல் சின்னது, பால்வெள்ளை, ஈறோடு சேரும் இடத்தில் கழுத்துப் போல் குறுகியிருக்கும். நிலைப்பல் அகலம், சற்று மஞ்சள், முன்பக்கத்தில் நீளவாக்கில் கோடு ஓடும். ஒன்றே முக்கால் வயதுக் குட்டியின் தேய்ந்த பால்பல்லைக் காட்டி "போட்டாச்சு" என்று சொல்வது சந்தையில் நடக்கிற காரியம்தான். கீழுதட்டைக் கட்டைவிரலால் மடக்கி, நடுப்பல்லின் அடியில் அந்தக் குறுகல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் அது பால்பல். விற்பவர் எந்த வயதைச் சொன்னாலும் குட்டிக்கு இரண்டரை ஆகவில்லை.

சரி, உண்மையாகவே இரண்டு பல் போட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எலும்பின் கணக்கு வேறு. நீண்ட எலும்புகளின் முனையில் வளர்ச்சிக்கென்று குருத்தெலும்புத் தட்டு ஒன்று உண்டு. அது எலும்பாக இறுகி மூடியபின்தான் அந்த எலும்பின் நீளவளர்ச்சி நிற்கிறது. குதிரையில் இந்த மூடல் கீழிருந்து மேலே போகிறது. குளம்புக்கு மேலுள்ள சின்ன எலும்புகள் முதல் வருடத்திலேயே முடிந்துவிடும். முன்னங்கால் முழங்காலுக்கு மேலே உள்ள எலும்பின் கீழ்முனை இரண்டு முதல் இரண்டரை வயதில் மூடுகிறது. தோள், தொடை எலும்புகளுக்கு மூன்று, மூன்றரை ஆகும். எல்லாவற்றுக்கும் கடைசி முதுகெலும்பு, அது ஐந்து வயதைத் தாண்டும். நாம் உட்காருவது எங்கே? கடைசியாக முற்றுகிற அந்த இடத்தில்தான். உயரம் வந்துவிட்டது, நெஞ்சு விரிந்துவிட்டது என்று கண்ணுக்குத் தெரிவதை வைத்து முதுகின் முதிர்ச்சியைக் கணிக்க முடியாது.

எடையையும் நாடாவால் கணக்கிட்டுப் பார்க்கலாம். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரை உடல் நீளம், இரண்டையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். இது வளர்ந்த குதிரைக்கான கணக்கு, குட்டிக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். சுற்றளவு 150, நீளம் 140 என்றால் ஏறக்குறைய 265 கிலோ. சுமை, சேணத்தோடு சேர்த்து, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது முற்றிய குதிரைக்கே பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. அந்தக் கணக்கில்கூட இந்தக் குட்டிக்கு 53 கிலோதான். சேணம் எட்டு கிலோ போனால், ஏறுகிறவர் 45 கிலோ. நம் ஊரில் குதிரை வாங்குகிற எத்தனை பேர் 45 கிலோ இருக்கிறார்கள்?

கட்டுத்தறியில் வளரும் கால்

இதைக் கேட்டவுடன் சிலர் எதிர்முனைக்குப் போய்விடுகிறார்கள். மூன்று வயது வரை தொடவே வேண்டாம், கட்டி வைத்துத் தீனி போட்டு வளர்ப்போம் என்று நினைக்கிறார்கள். என் பார்வையில் ஏறுவதைவிடப் பெரிய கேடு இதில்தான் இருக்கிறது. இரண்டு பல்லில் ஏறிக் கெட்டுப்போன குதிரைகளில் பெரும்பாலானவை அதற்கு முன் இரண்டு வருடம் கட்டுத்தறியில் நின்றவை. எலும்பு கிடைக்கிற வேலைக்கேற்பத் தன்னை இறுக்கிக்கொள்ளும் பொருள். குட்டி தன் விருப்பத்துக்குத் துள்ளி, நாற்பதடி பாய்ந்து, திரும்பி, நின்று, மறுபடி பாயும்போது விழுகிற அந்தச் சின்னச் சின்ன அதிர்வுகள்தான் முன்னங்கால் எலும்பின் சுவரைத் தடிக்க வைக்கின்றன. தசைநாரும் குருத்தெலும்பும் இந்த வயதில்தான் வேலைக்குப் பழகுகின்றன. பந்தயக் குதிரைக் குட்டிகளில் செய்த ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன: கொட்டிலில் அடைத்தால் எலும்பின் அடர்த்தி குறைகிறது, அளவான, குறுகிய ஓட்டம் கிடைத்தவை பிறகு தாங்குகின்றன. இரண்டு வருடம் கட்டிவைத்த காலில் ஒரே நாளில் ஆளையும் சேணத்தையும் ஏற்றித் தார் ரோட்டில் ஓட்டினால் அந்தக் கால் எதைக்கொண்டு தாங்கும்?

ஆகவே முதல் இரண்டு வருடத்துக்கு வேண்டியது இடம். அரை ஏக்கர் வேலியடைத்த தோட்டம் இருந்தால் போதும். அதுவும் இல்லையென்றால் காலையும் மாலையும் இரண்டிரண்டு மணி நேரம் அவிழ்த்துவிட ஒரு காலிக் களம். முள்கம்பி வேலி வேண்டாம். பாயும் குட்டி அதைக் கண்டு நிற்காது, நெஞ்சுத் தோல் பிளந்துபோகும். மூங்கில், சவுக்குக் கம்பு, அல்லது அகலமான நாடா எதுவும் சரி. துணைக்கு இன்னொரு குதிரை இல்லையென்றால் ஒரு ஆடாவது உடன் இருக்கட்டும். தனியாக அடைபட்ட குட்டி கட்டையைக் கடிக்கவும், தலையை இடம் வலமாக ஆட்டிக்கொண்டே நிற்கவும் பழகிவிடும். ஒட்டிக்கொண்ட அந்தப் பழக்கம் பிறகு போவது அரிது. கொட்டில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி, சிமெண்ட் தரைக்கு மேல் மணலோ வைக்கோலோ கனமாக. முன்னால் ஒரு கயிறு, பின்னங்காலில் ஒரு கயிறு என்று இறுக்கிக் கட்டும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். குதிரை நின்றபடியே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். படுக்க முடியாதபடி கட்டப்பட்டு நிற்கும் குட்டி நின்ற இடத்திலேயே முட்டி மடங்கி விழும். முட்டியின் முன்பக்கத்தில் மயிர் உதிர்ந்து தழும்பு இருந்தால் அதையும் சந்தேகப்பட வேண்டும்.

தவிடும் ஒட்டுப்புல்லும் சேரும்போது

எலும்பைப் பற்றிப் பேசிவிட்டுத் தீவனத்தை விட முடியாது. கொங்குப் பக்கத்தில் பெரும்பாலும் குதிரைக்குக் கிடைப்பது மாட்டுக்கு வளர்த்த கோ-4, கோ-5 ஒட்டுப்புல், ஒரு வாளி கோதுமைத் தவிடு, கொஞ்சம் கொள்ளு. மாடு இதில் கொழுக்கும். குதிரைக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. இந்த ஒட்டுப்புல் நேப்பியர் வகை, அதில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். அது புல்லிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு குடலில் ஏறவிடாமல் செய்கிறது. மாட்டின் அசையறையிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்துக் கொழுக்கட்டைப்புல்லுக்கும் இதே குணம் உண்டு. தவிட்டுக்கு வாருங்கள்: ஒரு கிலோவில் பாஸ்பரஸ் பத்து கிராமுக்கு மேல், கால்சியமோ ஒரு கிராம் சொச்சம். ஒரு பக்கம் கால்சியம் கிடைக்காது, மறுபக்கம் பாஸ்பரஸ் குவிகிறது. ரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடல் அதை எலும்பிலிருந்து உருவி எடுக்கிறது. முதலில் இன்ன கால் என்று சொல்ல முடியாத நொண்டல், இன்று இடது, நாளை வலது. பிறகு கண்ணுக்கும் நாசிக்கும் நடுவே முகத்தின் இரு பக்கமும் உப்பும், தாடை தடிக்கும், மெல்லும்போது வலிக்கும். முகம் உப்பிய பிறகு மருந்து தேடினால், எலும்பு ஏற்கனவே நார்ப் பொருளாக மாறியிருக்கும்.

வழி கடினமில்லை. அறுகம்புல் கிடைத்தால் அதுவே முதன்மை. ஒட்டுப்புல்லைத் தவிர்க்க முடியாதவர்கள் தினம் ஒரு கிலோ உலர்ந்த குதிரைமசால் (லூசர்ன் தீவனப்பயிர்) சேர்க்கட்டும். அதில் பன்னிரண்டு கிராமுக்குக் குறையாமல் கால்சியம் உண்டு. வளர்ந்தால் நானூறு கிலோ வரக்கூடிய ஒரு வயதுக் குட்டிக்கு நாளுக்கு ஏறக்குறைய 30 கிராம் கால்சியம் வேண்டும். மீதிக்குத் தீவனத்துக்கென விற்கும் சுண்ணாம்புக்கல் தூள் 50 கிராம், அதில் 20 கிராம் கால்சியம். தவிடு கால் கிலோவுக்கு மேல் வேண்டாம். கொள்ளு அரை கிலோ முதல் முக்கால் கிலோ, வேகவைத்து ஆறவைத்தது. பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு, வெந்தால் அது அழிந்துவிடும். கொழுக்க வைக்க வேண்டும் என்று மக்காச்சோளமும் கொள்ளும் அள்ளிப் போட்டால் எடை எலும்பை முந்திவிடும். முழங்காலுக்கு மேலே உட்புறம் புடைத்துச் சூடாக இருக்கும். அதைக் கண்டால் அன்றே தானியத்தைப் பாதியாகக் குறைத்து மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

தீவனத்தின் பெரும்பகுதி புல்லாகவே இருக்க வேண்டும். உலர்ந்த கணக்கில் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு, அதாவது 250 கிலோக் குட்டிக்கு ஐந்து கிலோ காய்ந்த புல் அல்லது இருபது இருபத்தைந்து கிலோ பச்சைப்புல். அதை நாலைந்து வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். குதிரையின் இரைப்பை உடம்புக்குச் சின்னது, அமிலமோ ஓயாமல் சுரக்கிறது. காலையும் மாலையும் மட்டும் வாளி வைத்தால் நடுவே வெறும் வயிறு புண்ணாகும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, போன தீனி போனதுதான். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கும் இளம் சோளப்பயிரும் கிட்டே வரக் கூடாது. நாமக்கல், பல்லடம் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: கோழித் தீவனத்தின் ஒரு கைப்பிடிகூடக் குதிரைத் தொட்டியில் விழக் கூடாது. கோழிகளின் ரத்தக்கழிச்சலைத் தடுக்க அதில் கலக்கும் மோனென்சின், சாலினோமைசின் போன்றவை கோழிக்கு மருந்து, குதிரைக்கு இதயத்தைக் கொல்லும் நஞ்சு. அரைக்கும் இயந்திரமும் மூட்டையும்கூடத் தனியாக இருக்கட்டும்.

முகக்கயிறும் நீளக் கயிறும்

ஏறாத இரண்டு மூன்று வருடத்தில் கற்றுக்கொடுக்க ஏராளம் இருக்கிறது. பால் மறந்த குட்டிக்கு முதல் பாடம் முகக்கயிறு. இழுத்தால் வரும் என்று நினைக்கிறோம். குதிரையின் இயல்பு இழுக்கிற பக்கத்துக்கு எதிராகச் சாய்வது. அதனால் கயிற்றில் லேசாக விசை கொடுத்து அப்படியே வைத்திருக்க வேண்டும். கூட்டவும் வேண்டாம், விடவும் வேண்டாம். குட்டி ஒரு காலை எடுத்து வைத்தாலும், வெறுமனே எடையை முன்னால் சாய்த்தாலும், அந்த நொடியே கயிறு தளர வேண்டும். குட்டி கற்பது அந்தத் தளர்விலிருந்து. இரண்டு நொடி தாமதித்துத் தளர்த்தினால் அதற்குள் அது தலையைத் தூக்கியிருக்கும். தலையைத் தூக்கினால் விடுதலை என்று கற்றுக்கொள்ளும். முரடு என்று பெயர் வாங்கிய குதிரைகளின் வரலாறு பெரும்பாலும் இப்படித் தவறிய நொடிகளில்தான் தொடங்குகிறது. பத்து நிமிடம் போதும், தினமும். இடப்பக்கம் நின்று நடத்தியதை வலப்பக்கம் நின்றும் நடத்த வேண்டும்.

காலைத் தூக்குவது அடுத்தது. தோளிலிருந்து கையை எடுக்காமல் கீழே தடவிக்கொண்டே போய், குளம்புக்கு மேலுள்ள மூட்டைப் பிடித்து, தூக்கியதும் இரண்டு நொடியில் நாமே கீழே வைத்துவிட வேண்டும். அது உதறி விடுவித்துக்கொள்ளும் வரை பிடிக்கக் கூடாது. இரண்டு நொடி நாளடைவில் ஒரு நிமிடமாகும். குளம்பின் அடியில் நடுவே ரப்பர் போன்ற முக்கோணப் பகுதி இருக்கிறதே, அதன் இரு பக்கப் பள்ளத்தையும் கொக்கியால் குதியிலிருந்து நுனிப்பக்கமாகத் தினம் சுரண்ட வேண்டும். கறுப்புக் கசிவும் அழுகல் வாடையும் இருந்தால் கொட்டில் ஈரமாக இருக்கிறது என்று பொருள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி மட்டம் பார்த்தால், இந்த வயதில் லாடம் தேவையில்லை. குட்டிக்கு டெட்டனஸ் தடுப்பூசி ஆறு மாதத்துக்குள் தொடங்கி, நாலு முதல் ஆறு வாரம் விட்டு இரண்டாவது தவணையும் போட்டிருக்க வேண்டும். சாணமும் மண்ணும் இருக்குமிடத்தில் ஒரு ஆணிக் குத்து போதும் ஜன்னி வர.

இரண்டு வயதுக்கு மேல் கயிற்றில் வட்டமாக ஓட்டுவதை எல்லோரும் விரும்புகிறார்கள். அதை நான் குறைத்தே சொல்வேன். சின்ன வட்டத்தில் உள்பக்கக் கால் மூட்டு ஒருக்களித்துச் சுமை தாங்குகிறது. வாரம் இரண்டு முறை, பத்து நிமிடம், வட்டம் ஐம்பது அறுபதடி அகலம், பாதி நேரம் இடம், பாதி நேரம் வலம், அதுவும் நடையில். இதைவிட நல்லது நம் வண்டிக்காரர்கள் கைவசம் வைத்திருக்கும் முறை: இரண்டு நீளக் கயிற்றை குட்டியின் நெஞ்சைச் சுற்றிக் கட்டிய வார்ப்பட்டையின் இரு பக்க வளையத்தின் வழியே கொண்டுவந்து, பின்னால் உதை எட்டாத தூரத்தில் நடந்தபடி குட்டியை முன்னால் ஓட்டுவது. முதுகில் எடை இல்லாமலே திரும்பவும், நிற்கவும், ஒற்றைத் தடத்தில் நேராக நடக்கவும், லாரி ஹாரனுக்கும் பறக்கும் பிளாஸ்டிக் பைக்கும் பழகவும் இதில் கற்றுக்கொள்கிறது. ரேக்ளாவுக்குக் குதிரை பழக்குகிறவர்களிடம் இந்தக் கலை இன்னும் இருக்கிறது. சவாரிக்குக் குதிரை வாங்கும் இளைஞர்கள் இணையக் காணொளிகளில் தேடுவதற்கு முன் பக்கத்து ஊரில் அவர்களைத் தேடிப் போகலாம்.

கடிவாளம் போடும் முன் வாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கடைவாய்ப் பல்வரிசைக்கு முன்னால் பட்டாணி அளவில் ஓநாய்ப்பல் என்று ஒன்று சில குதிரைகளுக்கு இருக்கும். கடிவாளக் கம்பி அதில் இடித்தால் தலையை உதறும். அதை அடித்துத் திருத்த முடியாது, பல்லை எடுத்தால் தீரும். முள் கடிவாளம் 1965ஆம் ஆண்டு வண்டி, பொதி விலங்குகள் வதைத்தடுப்பு விதிகளிலேயே தடை செய்யப்பட்டது. இன்றும் சந்தைக் கடைகளில் அது தொங்குகிறது. நாக்கைக் கிழித்துத்தான் நிறுத்த முடியும் என்றால், நிற்கவே அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ஏறும் நாள்

மூன்று வயது முடியும் தறுவாயில், கட்டாமல் வளர்ந்து, நீளக் கயிற்றில் இரண்டு கிலோமீட்டர் அமைதியாக நடக்கும் குட்டிக்கு ஏறும் நாள் மற்ற நாளைப் போலவே இருக்கும். கோணிச்சாக்கை முதுகில் போட்டு எடுப்பதில் தொடங்கி, சாக்கின் மேல் பட்டை, பிறகு சேணம் என்று இரண்டு மூன்று வாரம் முன்பே பழகியிருக்க வேண்டும். வயிற்றுவாரை ஒரேயடியாக இறுக்குவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. முதலில் தொட்டுக்கொண்டிருக்கும் அளவுக்கு ஒரு துளை. பத்தடி நடத்தி இன்னொரு துளை. மறுபடி நடத்தி மூன்றாவது. திடீரென நெஞ்சு நெரிபடும் குட்டி முதுகை வளைத்துத் துள்ளும், அதன் பிறகு வருடக் கணக்கில் வார் என்றாலே மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொள்ளும்.

சேணத்தின் அங்கவடி (ஏறுகிறவர் பாதம் வைக்கும் வளையம்) தொங்கிக் குட்டியின் உடம்பில் இடிக்கவும் பழகிய பிறகு, கனம் குறைந்த ஒருவர் மேடை மேலே நின்று வயிற்றால் முதுகில் சாய வேண்டும்; குட்டிக்குப் பழக்கமானவர் முகக்கயிறோடு தலைப்பக்கம் நிற்கட்டும். காதுகளைப் பாருங்கள். பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று என்று அசைந்தால் அது யோசிக்கிறது. இரண்டும் விறைத்து நின்று, தாடை இறுகி, மூச்சும் நின்றிருந்தால் அது அமைதியல்ல, உறைவு. உறைந்த குட்டியின் மீது காலைத் தூக்கிப் போடுவதால்தான் முதல் நாள் விழுகிறார்கள். இறங்கி, நடத்தி, அது பெருமூச்சு விட்டு வாயை மெல்லத் தொடங்கியதும் மறுபடி சாயலாம். அன்றைக்கு அதோடு நிறுத்தினாலும் நட்டமில்லை. நேராக உட்கார்ந்த முதல் தடவை ஐந்து நிமிடம் நின்றால் போதும். பிறகு வாரம் மூன்று நாள், கால் மணி நேரம், மண் தரையில் நடை. நாலு பல் போட்டபின் டிராட், அதாவது நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவிலான ஓட்டம். பாய்ச்சலும் நாட்டியப் பழக்கமும் ஐந்து வயதில் வாய் நிறைந்த பின்.

ஏற்கனவே இரண்டு பல்லில் ஏறிவிட்டவர்களும் இதைப் படிக்கக்கூடும். குட்டி நொண்டாவிட்டாலும் சேணத்தைக் கழற்றி மூன்று மாதம் மேய விடுங்கள். அதற்குமுன் தோள்மேட்டிலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பின் இருபுறமும் விரல் நுனியால் அழுத்தி வாருங்கள். எந்த இடத்தில் சட்டென்று முதுகை அமுக்கிக்கொள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரு முழங்காலையும் தொட்டு எது சூடு என்று பாருங்கள். ஒன்று சூடாக இருந்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், வலிமருந்து மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். மூன்று மாதத்துக்குப் பின் தொடங்குவது நீளக் கயிற்றிலிருந்து. சேணம் அப்போதும் கொட்டிலிலேயே தொங்கட்டும்.